"அம்மாதான் அனுப்பினாங்க"

அந்த வியாழக்கிழமை மதியம் 12.15க்குப் பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. கனமழை எச்சரிக்கை, 12.30க்கே பள்ளி விடப்படும், பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துக்கொள்ளவும் என்று. நவம்பர் மாதம். சென்னை மேடவாக்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னலில் சாரல் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள் அது. செய்தியைப் பார்த்தேன். இன்றைக்கு இரண்டாம் மாடி அண்ணன் முறைதானே என்று நினைத்துக்கொண்டு திரும்ப மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளைக் காரில் கொண்டு விடுகிறோம். இரண்டாம் மாடி அண்ணனின் பையன் ஐந்தாம் வகுப்பு, சி பிளாக் அக்காவின் மகள் நான்காம் வகுப்பு, என் மகள் இரண்டாம் வகுப்பு. ஒரே பள்ளி, சேலையூர் பக்கம், ஏழு கிலோமீட்டர். மூன்று கார் போவதற்குப் பதில் ஒரு கார் போனால் போதுமே என்று ஜூன் மாதம் பேசி முடிவெடுத்தோம். பேசியதெல்லாம் யார் எந்தக் கிழமை என்பது மட்டும்தான்.

12.50க்கு மனசு கேட்காமல் வாட்ஸ்ஆப் குழுவில், "எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். அண்ணனிடமிருந்து பதில் வந்தது: "இன்னைக்கு சி பிளாக்தானே? என் பையன் காய்ச்சல்னு ஸ்கூலுக்கே போகலையே." ஒரு நிமிடத்தில் அக்காவின் பதில்: "இல்லையே, மாத்திக்கிட்டது அடுத்த வாரம்தானே?" செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லிஃப்டில், நான்காவது மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் இருவரும் முறை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் இந்த வியாழனைச் சொல்லியிருக்கிறார், மற்றவர் அடுத்த வியாழன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆக யாருமே கிளம்பவில்லை.

அப்போதே காரை எடுத்தேன். செம்பாக்கம் தாண்டும்போதே சாலையில் தண்ணீர். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டிகள் அசையவே இல்லை. பள்ளி வாசலில் போய் நின்றபோது மணி 1.35. உள்ளே யாரும் இல்லை. காவலாளி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாப்பாவையா? அப்பவே ஒரு சார் வந்து வண்டியில கூட்டிட்டுப் போயிட்டாரே. உங்க அபார்ட்மென்ட்தான்னு சொன்னாரே" என்றார். யார் என்று கேட்டேன். வயதானவர், ரெயின்கோட் போட்டிருந்தார், ஸ்கூட்டர். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. அக்காவின் மகள் எங்கே என்று விசாரித்தால், மழையைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் அவள் தாத்தா தானாகவே ஆட்டோவில் வந்து அழைத்துப் போய்விட்டாராம். என் மகள் மட்டும் தனியாக நின்றிருக்கிறாள்.

அடுத்த அரை மணி நேரத்தை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. 2.10க்கு எங்கள் குடியிருப்பின் செக்யூரிட்டி போன் செய்தார். ஏ பிளாக் பெரியவர் ஒருவர், தன் பேரனை அழைத்துவரப் போன இடத்தில் என் மகள் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்து, சேர்த்து அழைத்துவந்திருக்கிறார். என் நம்பர் அவரிடம் இல்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் கிளம்பிப் போயிருக்கிறேன், கதவு பூட்டிக் கிடக்கிறது. சரி என்று தன் வீட்டில் உட்காரவைத்து, கீழே செக்யூரிட்டியிடம் சொல்லியிருக்கிறார். நான் ஓடிப்போய் நின்றபோது, வாசலில் அவள் ஷூ இரண்டும் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருந்தது. நனைந்த சாக்ஸைச் சுருட்டி அதற்குள் திணித்திருந்தாள். உள்ளே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெரியவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரவு தூங்கப்போகும்போது மகளிடம், "அந்தத் தாத்தாவை உனக்கு அவ்வளவாத் தெரியாதே, எப்படிம்மா போன?" என்று கேட்டேன். "நான் முதல்ல வரமாட்டேன்னு சொன்னேன்மா. அம்மாதான் அனுப்பினாங்கன்னு சொன்னார். அதான் போனேன்."

நல்ல மனசோடு, மழையில் நிற்கும் குழந்தையை எப்படியாவது அழைத்துப் போக வேண்டும் என்று சொன்ன வார்த்தை அது. கெட்ட எண்ணத்தோடு வருபவன் சொல்வதும் இதே வார்த்தைதான். அன்றைக்கு என் மகளுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க எந்த வழியும் இல்லை. அந்த வழியை அவளுக்கு நான் கொடுத்திருக்கவில்லை.

அந்த வாரமே மூன்று குடும்பமும் உட்கார்ந்து பேசினோம். முதலில் ஒரு ரகசியச் சொல். வழக்கமாக வருபவர் தவிர வேறு யார் வந்தாலும், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை பள்ளிக்குள்ளேயே, காவலாளி பக்கத்திலேயே நிற்க வேண்டும். சொல்லைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். பிறந்த நாள், செல்லப் பெயர், நாய்க்குட்டி பெயர் மாதிரி பிறர் ஊகிக்கக்கூடியது வேண்டாம் என்பது மட்டும் எங்கள் நிபந்தனை. ஒருமுறை பயன்படுத்திய சொல்லை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பது ஒரு நாள் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு மாதிரி பழக்கினோம். சித்தப்பா வந்து, "வா, அம்மா அனுப்பினாங்க" என்பார். அவள் சொல்லைக் கேட்க வேண்டும். முதல் இரண்டு முறை சித்தப்பாவைப் பார்த்ததும் ஓடிப்போய் ஏறிவிட்டாள். மூன்றாவது முறைதான் நின்று கேட்டாள். பெரியவர்களை மறுத்துப் பேசக் கூடாது என்று நாமே சொல்லி வளர்த்த பிள்ளைகள். 'இந்த இடத்தில் நீ மறுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்' என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்களுக்குத் தைரியம் வருகிறது.

இரண்டாவது, முறை மாற்றுவது. லிஃப்டில், பார்க்கிங்கில், போனில் என்று பேசி மாற்றுவதை நிறுத்தினோம். குழுவில் தேதி போட்டு எழுத வேண்டும். 'இந்த வியாழன்' என்று எழுதாமல் 'நவம்பர் 21' என்று எழுத வேண்டும். மற்றவர் 'சரி' என்று எழுதினால்தான் மாறியதாக அர்த்தம். நீல டிக் விழுந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு செய்தி: "ஏற்றியாச்சு, 3 பேர்", "இறக்கியாச்சு, 3 பேர்". எண் முக்கியம். விடுப்பு என்றால் காலையிலேயே 2 என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அன்று மட்டும் இந்த எண்ணிக்கை இருந்திருந்தால், அக்காவின் அப்பா பேத்தியை அழைத்துப்போன நிமிடமே மற்ற வீடுகளுக்கு விஷயம் தெரிந்திருக்கும். செய்தியை வண்டி நின்றிருக்கும்போதுதான் அனுப்ப வேண்டும் என்பதும் விதி. சிக்னலில் நிற்பது இதில் சேராது.

மூன்றாவது, பள்ளி. அழைத்துப்போக உரிமையுள்ளவர்கள் யார் யார் என்று பெயர், போட்டோ, போன் நம்பரோடு மூன்று குடும்பமும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தோம். வகுப்பாசிரியருக்கு ஒரு நகல், வாசலில் ஒரு நகல். பட்டியலில் இல்லாதவர் வந்தால் எங்களுக்குப் போன் செய்யாமல் விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். ஏ பிளாக் பெரியவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு அதில் சேர்த்திருக்கிறோம்.

இதெல்லாம் முடிந்து, இனிக் கவலை இல்லை என்று நான் நினைத்திருந்தபோதுதான் ஜனவரியில் அந்த பிரேக்.

காலை 8.05. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற இடது ஓரம் ஒதுங்குவதுபோல் போய், சட்டென்று நடுவிலேயே நின்றுவிட்டது. நான் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். மெதுவாகத்தானே என்று தோன்றும். 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். பிரேக்கை அழுத்தினேன், கார் இடிக்காமல் நின்றது. பின்னால் ஒரு சத்தம். நடுவில் உட்கார்ந்திருந்த அக்காவின் மகள், முன் சீட்டின் முதுகில் முகம் மோதிக் கீழே விழுந்திருந்தாள். பல் பட்டு உதடு கிழிந்து, வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம்.

ஓரமாக நிறுத்தி, கைக்குட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அக்காவுக்குப் போன் செய்தேன். நான் பேசி முடிப்பதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி: "பெல்ட் போட்டிருந்தாளா?"

போட்டிருக்கவில்லை. காரணம் கேட்டால் யாருக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கும். கார் வாங்கிய புதிதில் சீட் கவர் போட்டோம். நடு சீட்டின் பெல்ட் பக்கிள் அந்தக் கவருக்கு அடியில் போய்விட்டது. மூன்று வருடமாக யாரும் தேடவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் பின்னால் யாரும் பெல்ட் போட்டதில்லை. மறுநாள் ஞாயிறு இல்லை, வேலை நாள்தான். ஆனாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு சீட் கவரைக் கழற்றிக் கிழித்து அந்தப் பக்கிளை வெளியே எடுத்தேன். உங்கள் காரின் பின்சீட்டில் இப்போதே கையைவிட்டுப் பாருங்கள். மூன்று பக்கிளும் கைக்குக் கிடைக்கிறதா, மூன்றும் கிளிக் என்று பூட்டுகிறதா என்று.

அக்காவின் மகளுக்கு இரண்டு தையல். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 194பி: 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை சீட் பெல்ட்டோ, குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் போனால், ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று நாடு முழுக்கப் பேசினோம். நானும் பேசினேன். என் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெல்ட் போட்டால் மட்டும் போதாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் போட்டிருந்தான், ஆனால் தோள்பட்டி கழுத்தை அறுக்கிறது என்று அதைக் கைக்கு அடியில் விட்டிருந்தான். விலாவில் சிவந்து கோடு விழுந்திருந்தது. காரின் பெல்ட் பெரியவர்கள் உடம்புக்குச் செய்தது. சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பிள்ளைகளுக்கு பூஸ்டர் சீட் வேண்டும். அவர்களைக் கொஞ்சம் உயர்த்தி உட்காரவைக்கும் அந்த இருக்கையில் மேல்பட்டி தோளின் நடுவிலும், கீழ்ப்பட்டி இடுப்பெலும்பின் மேலும் உட்காரும். கீழ்ப்பட்டி வயிற்றின் மேல் ஏறினால் இடிக்கும்போது குடலை அழுத்தும். தலையணையோ மடித்த போர்வையோ இதற்கு மாற்று இல்லை, வழுக்கிவிடும். ஒல்லியான பின்சீட்டில் மூன்று பூஸ்டர் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சிரமம். நாங்கள் குறுகலாக இருப்பதைத் தேடி, அளந்து பார்த்து வாங்கினோம். பிள்ளையோடு பூஸ்டரும் காருக்குக் கார் மாறும். பையைக் கொடுப்பது போல காலையில் அதையும் கொடுத்துவிடுகிறோம்.

'எனக்கு முன்னாடி சீட்' என்று தினம் ஒரு சண்டை நடக்கும். முன்சீட் யாருக்கும் கிடையாது. ஏர்பேக் விரியும் வேகம் பெரியவர்களைக் கணக்கில் வைத்தது. 13 வயது வரை பின்சீட்தான் நல்லது. பைகளும் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலும் டிக்கிக்குள். பிரேக் அடித்த அன்று என் மகளின் பாட்டில் பறந்து டேஷ்போர்டில் மோதியதைப் பார்த்தேன்.

பிப்ரவரியில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா வந்து தன் பையனையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டார். "சின்னப் பையன்தான், மடியில உக்காந்துக்குவான்." மறுப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆர்சியில் எங்கள் கார் ஓட்டுநரையும் சேர்த்து ஐந்து பேருக்கு. முன்சீட்டைப் பிள்ளைகளுக்கு விடுவதில்லை என்றால் மூன்று பிள்ளைகள், மூன்று பெல்ட். நான்காவது பிள்ளைக்கு பெல்ட் இல்லை, அவ்வளவுதான். பெல்ட் எத்தனையோ அத்தனை பிள்ளைகள். முகத்தை முறித்துக்கொள்ளாமல் அவரிடம் இதைச் சொல்லி, அவர்கள் குடியிருப்பிலேயே இன்னொரு குழு அமைக்க உதவினோம்.

இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் 2012 ஜூலையை மறந்திருக்க மாட்டார்கள். முடிச்சூர் அருகே, ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்துபோனாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பள்ளிப் பேருந்துகளுக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்தன. நம் சொந்தக் காரைச் சோதிக்க அப்படி யாரும் வரமாட்டார்கள். டயரில் காற்று, பிரேக், கதவுப் பூட்டு, பெல்ட் எல்லாவற்றையும் நாமேதான் பார்க்க வேண்டும். மாதம் முதல் ஞாயிறு மூன்று கார்களையும் வரிசையாக நிறுத்திப் பார்க்கிறோம். அடுத்தவர் காரை நாம் பார்ப்பது, நம் காரை அவர்கள் பார்ப்பது. நம் காரில் நம் கண்ணுக்குப் படாதது அவர்களுக்குப் படும்.

இன்ஷூரன்ஸைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் காரில் வெறும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், உங்கள் காருக்குள் இருக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காப்பீட்டில் இழப்பீடு கிடைக்காது. தனியார் காரில் இலவசமாக ஏறிவருபவரை அது கணக்கில் எடுப்பதில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பேக்கேஜ் பாலிசி என்னும் முழுக் காப்பீடு இருந்தால் காருக்குள் இருப்பவர்களும் அதில் அடங்குவார்கள். அண்ணனின் பழைய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருந்தது. சொன்னதும் மாற்றினார். பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துக்கொண்டோம், அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இன்னொன்று, பணம். சொந்த உபயோகக் காரின் பாலிசியில், வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஓட்டினால் செல்லாது என்று எழுதியிருக்கும். வெள்ளை போர்டு வண்டியில் மாதக் கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றுவது பர்மிட் விதிக்கும் புறம்பானது. அதனால் எங்களுக்குள் பெட்ரோல் காசுகூடக் கைமாறுவதில்லை. முறைக்கு முறை, அதோடு சரி.

ஸ்டீயரிங்கை யார் பிடிக்கிறார் என்பதும் பேச்சில் இருக்க வேண்டும். ஒரு நாள் அண்ணன் தனக்கு அவசரம் என்று அலுவலக டிரைவரை அனுப்பிவிட்டார். டிரைவர் நல்லவர்தான், பத்திரமாகத்தான் கொண்டுவந்து விட்டார். ஆனாலும் அன்று சாயங்காலம் பேசினோம். நாங்கள் பிள்ளையை ஒப்படைத்தது அவரிடம், அவர் காரிடம் இல்லை. இப்போது பட்டியலில் இருக்கும் ஐந்து பெரியவர்கள்தான் ஓட்டலாம். சேர்வதற்கு முன் ஒவ்வொருவர் பக்கத்திலும் நாங்கள் ஒரு நாள் உட்கார்ந்து போயிருக்கிறோம். போன் அடித்தால் எடுக்கிறாரா, மஞ்சள் விளக்கில் வேகம் எடுக்கிறாரா, தாமதமானால் பதறுகிறாரா, எல்லாம் ஒரு பயணத்திலேயே தெரிந்துவிடும்.

கூடியவரை ஒரு பெரியவரோடு ஒரு பிள்ளை மட்டும் தனியாகப் போகும்படி வைப்பதில்லை. ஓட்டுபவரின் பிள்ளை விடுப்பு என்றால் முறையை மாற்றிக்கொள்கிறோம். இதைச் சொல்லும்போது யாரையும் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்று தயங்கினேன். அக்காதான் தெளிவாகச் சொன்னார், "எல்லாருக்கும் ஒரே விதின்னா யாரையும் குறிக்காது." பிள்ளைகளிடமும் சொல்லிவைத்திருக்கிறோம்: காரில் யாராவது பேசியதோ தொட்டதோ பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும், அது எந்த ஆன்ட்டியாக, எந்த அங்கிளாக இருந்தாலும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் மூவருக்கும் மனப்பாடம்.

பள்ளி வாசலில் ஏற்றி இறக்கும் இரண்டு நிமிடம்தான் எனக்கு இன்னும் பயம். எங்கள் பள்ளிச் சாலையில் இருபுறமும் வண்டிகள் நிற்கும், நடுவில் பைக்குகள் நுழையும். சாலையின் மறுபக்கம் இறக்கிவிட்டு, ஓடிக் கடந்துக்கோ என்பதை நிறுத்திவிட்டோம். ஒரு சுற்று சுற்றிவந்தாவது பள்ளிப் பக்கமே நிறுத்துகிறோம். வலது பின்கதவில் குழந்தைப் பூட்டு எப்போதும் போட்டிருக்கும். கதவின் விளிம்பில் இருக்கும் அந்தச் சின்ன நெம்புகோலைத் தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. இடது பக்கம் பத்திரம் என்று நினைக்க முடியாது, நம் ஊரில் அந்தச் சந்திலும் பைக் வரும். அதனால் இடது கதவையும் பெரியவர் இறங்கி வந்து, பின்னால் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறோம். கிளம்பும்முன் காரை ஒரு சுற்று சுற்றிவருவது பழக்கமாகிவிட்டது. பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது, பம்பர் உயரத்துக்கு இருக்கும் பிள்ளை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

டேஷ்போர்டில் ஒரு அட்டை இருக்கிறது. மூன்று பிள்ளைகளின் ரத்த வகை, பெற்றோர் எண்கள், அண்ணனின் பையனுக்கு வீசிங் என்பது, இன்ஹேலர் அவன் பையில் முன் அறையில் என்பது. உதடு கிழிந்த அன்று மருத்துவமனையில் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. இப்போது அதுவும் அட்டையில் இருக்கிறது.

போன மாதம் என் அப்பா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். எனக்கு வேலை இழுத்துவிட்டது. நான் போய் அழைத்துவருகிறேன் என்று ஆட்டோவில் கிளம்பினார். பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பள்ளிக்குப் போன் செய்தேன், குழுவில் எழுதினேன். சொல்லை மட்டும் அப்பாவிடம் சொல்ல மறந்துபோனேன். கால் மணி நேரத்தில் அப்பாவின் போன். "என்னம்மா, இவ என்னைப் பார்த்துச் சிரிக்கிறா, கையைக் குடுக்கிறா, ஆனா ஆட்டோவுல ஏற மாட்டேங்கறா. ஏதோ வார்த்தை சொல்லணுமாமே?" அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. நான் சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்வது எனக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே என்னிடம் வந்தாள். "அம்மா, தாத்தா ரொம்பச் சத்தமாச் சொல்லிட்டார். வாட்ச்மேன் மாமாவுக்கும் கேட்டிருக்கும். வேற வார்த்தை வைக்கணும்."